கெடு தேதியை யார் பார்ப்பது? சிறு தொழிலைச் சட்டப்படி நடத்த நான்கு வழிகள்

வரித் துறை எங்கள் நிறுவனத்துக்கு அனுப்பிய ஒரு நோட்டீஸ், யாரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டியில் ஐந்து மாதம் கிடந்தது. லேபிள் அச்சிடும் சிறு தொழில். அப்போது எட்டுப் பேர் வேலை பார்த்தோம். வரி, சம்பளப் பிடித்தம், ஆண்டுக் கணக்கு எல்லாவற்றையும் வெளியில் ஒரு கணக்காளரிடம் ஒப்படைத்திருந்தோம். அவருடைய உதவியாளர் ஒருவர் எங்கள் பெயரில் வரித் துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கியபோது தம்முடைய மின்னஞ்சல் முகவரியையே கொடுத்திருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்தது. ஒன்றரை ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். முகவரி அப்படியே நின்றது.

இரண்டு படிவங்களில் கொள்முதல் தொகை ஒத்துப்போகவில்லை, விளக்கம் தேவை என்பதுதான் நோட்டீஸ். பதில் வராததால் அதிகாரிகளே ஒரு தொகையை முடிவு செய்து, அபராதமும் வட்டியும் ஏற்றிவிட்டார்கள். ஒரே பில்லை இரண்டு முறை பதிந்ததால் வந்த வித்தியாசம் அது. பில்லின் நகலைக் காட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கணக்காளர் உண்மையாகவே வருந்தினார். அந்த மாதக் கட்டணம் வேண்டாம் என்றார். அபராதத்தை நாங்கள் கட்டினோம்.

இது என்ன நியாயம் என்று அன்று கொதித்தேன். பிறகுதான் 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த பாயில் வழக்கைப் பற்றிப் படித்தேன். காலமான தாயின் சொத்துகளை நிர்வகிக்கும் பொறுப்பு ஒரு மகனுக்கு வருகிறது. அவர் விட்டுச்சென்ற சொத்துகளுக்கான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வழக்கறிஞர் ஒருவரை அமர்த்துகிறார். என்ன ஆயிற்று என்று பலமுறை தொலைபேசியில் கேட்கிறார். நேரத்துக்குப் போய்விடும் என்று ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. வழக்கறிஞர் அலுவலகத்தின் கெடு தேதிப் பட்டியலில் அந்த ஒரு தேதியை எழுத மறந்துவிட்டார்கள். படிவம் மூன்று மாதம் தாமதமாகப் போயிற்று. அபராதம் வழக்கறிஞருக்கு அல்ல, மகனுக்கு. நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: வரி உண்டா இல்லையா என்பது போன்ற சட்டக் கேள்வியில் நிபுணர் சொன்னதை நம்பினால், அந்த நம்பிக்கை மன்னிப்புக்குக் காரணமாகலாம். ஆனால் கெடு தேதி ஒன்று இருக்கிறது என்றும் அதைத் தவறவிடக் கூடாது என்றும் தெரிந்துகொள்ள எந்தத் தனிப் படிப்பும் வேண்டியதில்லை.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். ஆனாலும் இந்தக் கோடு நல்ல கோடு. சிறு தொழில் நடத்துகிறவர் சட்டப் பொறுப்புகளை யாரிடம் விடலாம் என்று யோசிக்கும்போது, எவருக்குச் சட்டம் அதிகம் தெரியும் என்று தேடுவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் தேடினேன். ஒரு தேதி தவறினால், தவறிய அன்றே அது யார் கண்ணில் படும் என்று நான் யாரையும் கேட்டதில்லை. இப்போது எந்த வழியைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

சட்டப்படி நடத்துவது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்; உள்ளே இருப்பது நான்கு விதமான வேலை. ஒன்று தேதி: மாதம் தவறாமல், ஆண்டு தவறாமல் திரும்பி வருபவை. இரண்டாவது திருப்பம்: முதல் ஊழியரைச் சேர்ப்பது, இடம் மாறுவது, வெளிநாட்டுக்கு முதல் சரக்கை அனுப்புவது, விற்பனை ஒரு வரம்பைத் தாண்டுவது. அன்றுவரை இல்லாத கடமை அன்று முளைக்கும். மூன்றாவது சந்தேகம்: வாரம் மூன்று நாள் வந்து வேலை செய்கிறவர் ஊழியரா, ஒப்பந்தக்காரரா? நான்காவது சான்று: செய்ததைச் செய்தோம் என்று ஆறு ஆண்டு கழித்தும் காட்டும்படி தாள்களை வைத்திருப்பது. கீழே பார்க்கப்போகும் வழிகளில் ஒன்றுகூட இந்த நான்கையும் ஒருசேர நன்றாகச் செய்வதில்லை. குழப்பமே அதில்தான்.

முதல் வழி, எல்லாவற்றையும் முதலாளியே பார்ப்பது. இதைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மற்ற மூன்றில் ஒன்றை விற்கிறவர்கள். ஊழியர் எவரும் இல்லாமல், ஒரே இடத்தில், ஒரே வகைப் பொருளையோ சேவையையோ விற்கும் தொழிலுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. திருப்பங்களை முதலில் அறிகிறவர் முதலாளிதான். அடுத்த மாதம் ஓர் ஆளைச் சேர்க்கப்போகிறோம் என்பது கணக்காளருக்குச் சம்பளப் பட்டியல் கைக்கு வரும்போதுதான் தெரியும். முதலாளிக்கு அது மனதில் தோன்றும்போதே தெரியும்.

இதன் பலவீனம் அறியாமை என்பார்கள். என் அனுபவத்தில் அயர்ச்சிதான். ஒரு பெரிய ஆர்டர் வந்து இரவு பகலாக இயந்திரம் ஓடும் வாரத்தில், யாருக்குப் படிவம் நினைவில் இருக்கும்? நோய்வாய்ப்பட்டுப் பத்து நாள் படுத்துவிட்டால்? அதனால் இந்த வழியில் போகிறவருக்கு மூளையைவிட நோட்டுப் புத்தகம் முக்கியம். நான் வைத்திருந்தது சாதாரணக் கோடு போட்ட நோட்டு. முதல் பத்தியில் கெடு தேதி அல்ல, கெடுவுக்கு ஏழு நாள் முந்தைய தேதி. இரண்டாவது பத்தியில் அனுப்பிய நாள். மூன்றாவது பத்தியில் ஒப்புகை எண். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்த வேலை முடியவில்லை என்று பொருள், இரண்டாவதில் என்ன எழுதியிருந்தாலும்.

இந்த மூன்றாவது பத்தியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அனுப்புவது வேறு, ஏற்கப்படுவது வேறு. தாள் படிவக் காலத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. இணையத்தில் அப்படியல்ல, பொத்தானை அழுத்திய பிறகும், அடையாள எண் பொருந்தவில்லை, இணைப்பு விடுபட்டது என்று படிவம் திரும்பி வரக்கூடும். அமெரிக்காவில் ஒருவரின் கணக்காளர் மூன்று ஆண்டுகளின் வருமான வரிப் படிவங்களை மின்னணு முறையில் அனுப்பினார். மூன்றுமே நிராகரிக்கப்பட்டன. கணக்காளர் அதை அவரிடம் சொல்லவே இல்லை. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாயில் வழக்கின் கோட்டையே இங்கும் இழுத்தது: காகிதமானாலும் மின்னணுவானாலும் தாக்கல் ஆயிற்றா என்று பார்க்க வேண்டியவர் வரி கட்டுகிறவர்தான். மூன்று ஆண்டு ஒப்புகையைக் கேட்காமல் இருந்திருக்கிறாரே என்று வியக்கலாம். நானும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதை நினைத்தால் வியப்பு அடங்கிவிடுகிறது.

தானே பார்க்கும் வழி எப்போது உடைகிறது? எனக்குத் தெரிந்தவரை, முதல் ஊழியர் வரும் அன்று. அன்றிலிருந்து கடமைகள் கூடுவதில்லை, பெருகுகின்றன. சம்பளத்தில் பிடித்தம், காப்பீடு, வேலை நேரம், விடுப்பு, பாதுகாப்பு, பணியாளரின் சொந்தத் தகவல்களைக் காப்பது. அதோடு ஒரு புதுப் பணம் கையில் புரளத் தொடங்குகிறது: ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்த, ஆனால் இன்னும் அரசுக்குக் கட்டாத பணம். அது நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் இருக்கும், ஆனால் நிறுவனத்துடையது அல்ல. நெருக்கடி மாதத்தில் அதை எடுத்துக் காகிதம் வாங்கிவிட்டு அடுத்த மாதம் கட்டிக்கொள்ளலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அமெரிக்காவில் அப்படிப் பிடித்த வரியைத் தெரிந்தே கட்டாமல் விட்டால், கட்டாத தொகைக்கு முழுக்க முழுக்கச் சமமான அபராதத்தைப் பொறுப்பில் இருந்தவரின் சொந்தத் தலையில் சுமத்த முடியும். நிறுவனம் தனி, நான் தனி என்று ஒதுங்க முடியாது. நிறுவனம் வேறு, அதை நடத்தும் ஆள் வேறு என்ற கொள்கைக்கு 1896இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அன்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதுதான்), சாலமன் என்ற தோல் செருப்பு வணிகரின் வழக்கில் உறுதியான அடித்தளம் போட்டது உண்மைதான். ஆனால் பிடித்த பணம் என்று வரும்போது அந்தச் சுவரில் பல நாடுகள் கதவு வைத்திருக்கின்றன. எந்த வழியைத் தேர்ந்தாலும் சரி, பிடித்தத் தொகையைச் சம்பளம் போட்ட அன்றே வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதைச் செய்ய நிபுணர் தேவையில்லை.

இரண்டாவது வழி, வெளியே இருக்கும் கணக்காளரிடமோ ஆலோசகரிடமோ ஒப்படைப்பது. சிறு தொழில்களில் பெரும்பாலோர் வந்து சேரும் இடம் இது. எங்களுக்கு அடி விழுந்ததும் இங்கேதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

வெளி நிபுணரின் உண்மையான மதிப்பு சந்தேகத்தில் இருக்கிறது. வாரம் மூன்று நாள் வரும் அந்த வடிவமைப்பாளரை நான் ஒப்பந்தக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பில் கொடுப்பார், நான் காசோலை கொடுப்பேன். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, வேலை நேரத்தை யார் முடிவு செய்கிறார், கருவி யாருடையது, வேறு இடத்தில் வேலை செய்ய அவருக்கு உரிமை உண்டா என்பதைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்கு விளக்கியவர் ஓர் ஆலோசகர்தான். 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்கிறவர்கள் அல்லர், தொழிலாளர்கள் என்று தீர்ப்பளித்ததும் இதே போக்கில்தான்: ஒப்பந்தத் தாளில் இருந்த சொற்களைத் தாண்டி, கட்டணத்தையும் நிபந்தனைகளையும் யார் தீர்மானித்தார்கள் என்று பார்த்தார்கள். இப்படிப்பட்ட கேள்விக்கு நோட்டுப் புத்தகத்தில் விடை கிடைக்காது.

ஆனால் நாம் அவரிடம் சந்தேகத்தைக் கொண்டுபோவதில்லை, தேதியைக் கொண்டுபோகிறோம். பில் கட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு பாரம் இறங்கியதுபோல இருக்கும். அந்த நிம்மதிக்காகவே காசு கொடுக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். அவருக்கோ நம்மைப்போல நூறு பேர். மாதக் கடைசியில் அந்த நூறு பேரின் கட்டுகளும் ஒரே வாரத்தில் மேசையில் குவியும். நம்முடையது எண்பதாவதாக இருந்தால், தவறு கண்ணில் படும் நேரம் அவருக்கு இல்லை.

எல்லையும் ஒரு சிக்கல். வரிக் கணக்காளர் வரியைப் பார்க்கிறார். தீயணைப்பு உரிமத்தைப் புதுப்பிப்பது, பணியிடப் பாதுகாப்பு, வாடிக்கையாளர் தகவல்களைக் காப்பது, பெயர்ப் பலகைக்கு அனுமதி ஆகியவற்றை அவர் பார்ப்பதாக எங்கும் சொல்லவில்லை. நாமாக நினைத்துக்கொள்கிறோம். "அது எங்கள் வேலை இல்லையே" என்ற பதிலைக் கேட்கும் அன்று அவர் சொல்வது முழு உண்மையாகவும் இருக்கும். ஒப்பந்தக் கடிதத்தில் அவர் செய்யப்போகும் வேலைகள் எழுதியிருக்கும். செய்யாதவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். இருந்தாலும் கேளுங்கள். எங்களுக்கு வந்த இரண்டாவது கணக்காளர் அப்படி எழுதிக் கொடுத்த அரைப் பக்கம், அவர் அதன் பிறகு செய்த எந்த வேலையையும்விட எங்களுக்கு அதிகமாகப் பயன்பட்டது. யாருமே பார்க்காத நான்கு கடமைகள் அதில் வரிசையாக நின்றன.

கட்டண முறையையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும், ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டணம் என்றால், மேலே பார்க்க மலிவாகத் தெரியும். ஆனால் முதலாளி கேள்வியை மிச்சம் பிடிக்கத் தொடங்குவார். "இதற்கெல்லாமா தொலைபேசி செய்வது" என்று அடக்கிக்கொண்ட கேள்விதான் பின்னால் செலவு வைக்கும். மாதத்துக்கு இவ்வளவு, கேள்விக்கு அளவில்லை என்ற ஏற்பாடு சற்று அதிகமாகத் தோன்றினாலும் சிறு தொழிலுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து. சாவி யாரிடம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. எல்லா அரசு இணையதளங்களிலும் பதிவான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் நிறுவனத்துடையவையாக இருக்க வேண்டும். கணக்காளருக்குத் தனி அனுமதி கொடுக்கலாம். மின்னஞ்சலும் ஒரு மனிதரின் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில் இருக்கட்டும். மனிதர்கள் போய்விடுவார்கள்.

மூன்றாவது வழி மென்பொருள். சில இடங்களில் இது விருப்பத்துக்கு விட்ட விஷயம்கூட அல்ல. பிரிட்டன், மதிப்புக்கூட்டு வரிக் கணக்கை மென்பொருள் வழியாகவே வைத்து அனுப்ப வேண்டும் என்ற விதியை 2019 ஏப்ரலில் வரம்புக்கு மேற்பட்ட தொழில்களுக்கும், 2022 ஏப்ரலில் பதிவு பெற்ற அனைவருக்கும் கொண்டுவந்தது. தேதிகளைப் பொறுத்தவரை மென்பொருளை மிஞ்ச ஆளில்லை. மறக்காது, படுத்துவிடாது, வேறு வேலைக்குப் போகாது.

ஆனால் சொன்னதைச் செய்யும் பிள்ளை அது, சொல்லாததைச் செய்யாது. எங்கள் பட்டியலில் ஒரு வகை ஒட்டுத்தாளுக்குத் தவறான வரி விகிதத்தைக் கொடுத்துவிட்டோம். கையால் பில் எழுதுகிற ஆளாக இருந்தால் மூன்றாவது பில்லிலோ நான்காவதிலோ புருவம் சுருங்கியிருக்கும். மென்பொருள் பதினோரு மாதம், ஒரு பைசா பிசகாமல், ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தது. அதன் அறிக்கைகள் அவ்வளவு அழகாக இருந்ததால் யாரும் அவற்றைச் சந்தேகிக்கவும் இல்லை.

திருப்பங்களில் அது இன்னும் பலவீனம். நீங்கள் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ விற்கத் தொடங்கியதை அது ஒரு பில்லாக மட்டுமே பார்க்கும். சட்டமே திரும்பும்போதும் அப்படித்தான். 2018 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், வேஃபேர் என்ற இணைய வணிக நிறுவனத்தின் வழக்கில், ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத வியாபாரியிடமும் அந்த மாநிலம் விற்பனை வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்குக்குக் காரணமான தெற்கு டகோட்டா மாநிலச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் விற்பனை அல்லது 200 பரிவர்த்தனை இருந்தாலே அன்று போதுமானதாக இருந்தது. மற்ற மாநிலங்களும் தங்கள் தங்கள் வரம்புகளுடன் தொடர்ந்தன. வீட்டிலிருந்தே அஞ்சலில் பொருள் அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு, அவர் எதையும் மாற்றாமலே, புதுக் கடமைகள் வந்து சேர்ந்தன. அன்றைய செய்தித்தாளைப் படித்தவருக்கு அது தெரிந்திருக்கும். மென்பொருளுக்கு, அதைத் தயாரித்த நிறுவனம் புதுப்பிக்கும்வரை, புதுப்பித்ததை நீங்கள் இயக்கும்வரை, தெரியாது.

வரம்புகளைப் பற்றி ஒரு சொல். ஆண்டு என்றதும் நிதியாண்டு என்று நினைத்துக்கொள்வோம். பிரிட்டனில் மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்யும் வரம்பை எந்த மாதக் கடைசியிலும் பின்னோக்கி 12 மாதங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தாண்டியிருந்தால் அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக் கடைசியில் ஒருமுறை எட்டிப் பார்க்கிறவர் இதைத் தவறவிடுவது நிச்சயம். நல்ல மென்பொருள் இந்தக் கூட்டலைத் தானே செய்து காட்டும். ஆனால் காட்டியதை ஒருவர் பார்க்க வேண்டுமே.

சான்று விஷயத்தில் மென்பொருள் விற்பவர்கள் வாயைத் திறப்பதில்லை. இந்தியாவில் நிறுவனச் சட்டத்தின்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் நிறுவனங்களுக்குப் பொதுவாக ஆறு ஆண்டு. அமெரிக்க வருமான வரிக்குப் பொதுவாக மூன்று ஆண்டு என்றாலும், படிவத்தில் காட்டிய மொத்த வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேற்பட்ட தொகையைக் காட்டாமல் விட்டிருந்தால் ஆறு ஆகும்; படிவமே தாக்கல் செய்யவில்லை என்றால் காலவரம்பே கிடையாது. மென்பொருளின் சந்தாவோ மாதத்துக்கு மாதம். நான்காவது ஆண்டில் வேறொன்றுக்கு மாறினால் பழைய பில்கள் எங்கே? வாங்குவதற்கு முன்பே, எல்லாப் பதிவுகளையும் வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய கோப்பாக ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அது முடியவில்லை என்றால், அதன் மற்ற வசதிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நான்காவது வழி, உள்ளேயே ஒருவரை வைத்துக்கொள்வது. சிறு தொழிலில் இது பெரும்பாலும் கணக்கு எழுதத் தெரிந்த உறவினராக இருப்பார். நம்பிக்கைக்குக் குறைவில்லை, கேள்வி கேட்கத்தான் முடியாது. மைத்துனரிடம் ஒப்புகைச் சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டால் அது சந்தேகமாகக் காதில் விழும். உறவினர் அல்லாத முழுநேர ஊழியர் என்றால், கட்டுகிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருந்துவிடக் கூடாது. மற்றபடி, அன்றாடம் வேலை நடக்கும் இடத்திலேயே நிற்கும் ஒருவர் திருப்பங்களையும் கவனிப்பார், தேதிகளையும் கவனிப்பார் என்பது பெரிய பலம். கிளைகள் இரண்டாகும்போதோ, உரிமங்கள் ஒரு கை விரல்களைத் தாண்டும்போதோ இந்தச் சம்பளம் தன்னைத் தானே ஈட்டிக்கொள்ளும். அதற்கு முன்பு வைத்தால், அவருக்கு நேரம் போகாமல் நாம் வேறு வேலைகள் கொடுப்போம். படிவம் கடைசி இடத்துக்குப் போய்விடும்.

ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது. கட்டுரைகளில் வராது, ஆனால் பலரும் அதில்தான் நடக்கிறார்கள். "தொழில் கொஞ்சம் நிமிரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்." அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். வரி விஷயத்தில் அரசனும் நின்றுதான் கொல்கிறான். வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், சத்தமே வராது. சிறிய தொழில் என்பதால் சட்டம் விட்டுவிடும் என்ற எண்ணமும் பாதி உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தகவல் பாதுகாப்பு விதியில், 250 பேருக்குக் குறைவான நிறுவனங்கள், பிறர் தகவல்களைக் கையாள்வது பற்றிய பதிவேடு வைக்க வேண்டாம் என்று ஒரு சலுகை எழுதப்பட்டது. அடுத்த வரியிலேயே, எப்போதாவது செய்யும் வேலைக்குத்தான் அந்தச் சலுகை என்று வந்தது. மாதம் தவறாமல் சம்பளம் போடுவது எப்போதாவது செய்யும் வேலை அல்ல. சலுகையின் முதல் வரியைப் படித்து நிம்மதியாகத் தூங்கியவர்கள் உண்டு.

ஏற்கெனவே தவறியிருந்தால், அவர்கள் கேட்கும் முன் நாமே போய்ச் சொல்வதற்குப் பல வரித் துறைகள் சலுகை வைத்திருக்கின்றன. பிரிட்டனில் கவனக்குறைவால் வந்த பிழைக்கு அபராதம், குறைத்துக் கட்டிய வரியில் 30 சதவீதம் வரை போகலாம். தானாக முன்வந்து சொன்னால் அது பூஜ்யம்வரை இறங்கலாம். துறை கண்டுபிடித்த பிறகு சொன்னால் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. வேண்டுமென்றே மறைத்தால் கணக்கு வேறு. சொல்வதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா என்று தயங்குகிறவர் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், இந்த வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல்வதே தவறு. தனி ஆளாக இருக்கும்வரை நோட்டுப் புத்தகமும், ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு நிபுணருடன் ஒரு மணி நேரமும் போதும். முதல் ஊழியர் வந்தவுடன் சம்பளக் கணக்கை மென்பொருளுக்கும் சந்தேகங்களை வெளி ஆலோசகருக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். சாவிகளையும் தேதிகளையும் மட்டும் எவருக்கும், எந்த நிலையிலும் கொடுக்கக் கூடாது. கணக்கே புரியாத முதலாளியாலும் அவற்றைப் பார்த்துக்கொள்ள முடியும். படிவத்தை நிரப்பத் தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை, அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்கத் தெரிந்தால் போதும். வேலையைக் கொடுத்துவிட்டுக் கவனத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதுதான் நாங்கள் செய்த பிழை.

ஆலோசகர் ஒருவரோடு முதல்முறை பேசும்போது நான் இப்போது கேட்கும் கேள்விகள் குறைவு. எங்கள் தொழிலைப் பற்றி அவர் என்ன கேட்கிறார் என்றுதான் பார்க்கிறேன். கட்டணத்தையும் பில் கட்டு எத்தனை இருக்கும் என்பதையும் மட்டும் கேட்டால், நூறில் ஒன்றாக நம்மை வைக்கப்போகிறார். எத்தனை பேர், எங்கெல்லாம் விற்கிறீர்கள், அடுத்த ஆண்டு என்ன மாறப்போகிறது என்று கேட்டால் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, இயந்திரம் சூடேறுவதற்குள், பழைய நோட்டை எடுத்து அரை மணி நேரம் உட்காருகிறேன். கணக்காளருக்கு இது கொஞ்சம் பிடிக்காது என்று தெரியும். ஒப்புகை எண்களைக் கேட்டு நான் அனுப்பும் செய்திக்கு ஒற்றை வரியில் பதில் வரும். போன முறை சம்பளப் பிடித்தத்துக்கு நேரே மூன்றாவது பத்தி காலியாக இருந்தது. அனுப்பிவிட்டோமே என்றார்கள். எண் எங்கே என்றேன். இருபது நிமிடம் கழித்து அவர்களே அழைத்தார்கள்: வங்கி மாறியபோது பழைய கணக்கு எண்ணே படிவத்தில் போயிருக்கிறது, திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கெடுவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மறுநாள் எண் வந்தது, பென்சிலால் எழுதிக்கொண்டேன்.